‘ஆய்த்து’ன்னா ‘ஆச்சு’ன்னு அர்த்தமில்லை

போன வாரம் ஒரு நாள் மத்தியானம், இப்போது வேலை பார்க்கிற கம்பெனியின் கேன்டீனில் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பும்போது உன் போன் வந்தது, பாப்பா. தேவனஹள்ளி ஏர்போர்ட்டில் இருந்து பேசினாய். பின்னால் ஒரே கூச்சல். நம் வீட்டில் முதல் முதலாக விமானம் ஏறுகிற ஆள் நீ. புது வேலைக்குப் பயிற்சி என்று புனேவுக்குக் கிளம்பினாய். ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு, ஏதோ ஒரு பாகத்தைச் சோதிக்க வேண்டும் என்று எல்லாரையும் இறக்கி மறுபடி ஹாலில் உட்கார வைத்துவிட்டார்களாம். அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் உன்னோடு சேர்ந்து அவர்களைத் திட்டியிருப்பேன். ஆனால் நீ, “எவனோ ஒருத்தன் ஒழுங்கா செக் பண்ணாம விட்டிருப்பான்ப்பா, அவனோட கவனக்குறைவுக்கு நாங்க இங்க காயறோம்” என்றாய்.

கவனக்குறைவு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு என்ன வந்ததோ, “வாயை மூடு! யாரோட கவனக்குறைவுன்னு உனக்குத் தெரியுமா?” என்று கத்திவிட்டேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. சாம்பார் ஊற்றுகிற அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. நீ போனை வைத்துவிட்டாய். அப்புறம் தம்பியிடம், “அப்பாவுக்கு என்னடா ஆச்சு?” என்று கேட்டிருக்கிறாய். அவன் சாப்பிடும்போது என்னிடம் கேட்டான். வாயால் சொல்ல வரவில்லை. எனக்கு எழுத்தும் சுமாராகத்தான் வரும், பத்தாவதோடு நின்றவன். இருந்தாலும் எழுதுகிறேன். அந்தக் கோபம் உன் மேல் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, நான் ஏன் அந்த ஏசி போட்ட கம்பெனியை விட்டேன், நாம் ஏன் ஓசூர் வீட்டைக் காலி செய்துவிட்டு நாகரசம்பட்டியில் மாமா வீட்டில் போய் இருந்தோம் என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறீர்கள். “ஒத்து வரலை” என்று ஒரே பதிலைச் சொல்லிச் சமாளித்தேன். ஒத்து வராதது என்ன என்பதுதான் இது.

இப்போது பேப்பரைத் திறந்தால் விமானச் செய்திதான். அந்தக் கம்பெனி இத்தனை விமானம் கேட்டிருக்கிறது, இந்தக் கம்பெனி அதைவிட அதிகம் கேட்டிருக்கிறது, செய்கிறவர்களால் கொடுக்க முடியவில்லை, உதிரி பாகம் கிடைக்காமல் விமானங்கள் சும்மா நிற்கின்றன, பழசையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுகிறார்கள் என்று எழுதுகிறார்கள். நம் ஓசூருக்கே ஏர்போர்ட் வரப் போகிறது என்று பேக்கரியில் நிற்கிற ஆளெல்லாம் பேசுகிறான். பாகலூர் ரோட்டில் நிலத்துக்குப் புரோக்கர் முளைத்துவிட்டான். வரட்டும், நல்லதுதான். ஆனால் எங்கேயாவது ஒரு விமானம் நின்றுவிட்டால், கடைசி வரியில் யாரோ ஒரு ஊழியரின் கவனக்குறைவு என்று முடிப்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பேப்பரைக் கசக்கி எறியத் தோன்றும். அந்தச் சொல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

நான் இருந்த கம்பெனி விமானத்துக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. பெரிய விமானத்தில் சாமான் வைக்கிற அறைக்கு ஒரு கதவு இருக்கும். அந்தக் கதவைத் தாங்குகிற அலுமினிய பிராக்கெட்டுகள்தான் எங்கள் முக்கியமான சரக்கு. உள்ளங்கையில் அடங்கிவிடும். மெஷினில் வெட்டி வருகிற பிராக்கெட்டின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை அரம் போட்டுத் தடவி எடுப்பது என் வேலை. அதற்கு அப்புறம் அது அக்காவிடம் போகும்.

அக்கா என்றால் எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் அக்கா. பெயர் வேண்டாம், அவங்களுக்கு அது பிடிக்காது. பாகலூருக்கு அந்தப் பக்கம் ஊர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், தண்ணீர் கேன் போடுகிறவரோடு தெலுங்கு. டிப்ளமோ படித்து, அதற்கு மேல் தனியாகப் பரீட்சை எழுதி அந்த வேலைக்கு வந்தவங்க. அவங்க வேலை செய்கிற இடம் ஒரு இருட்டறை. பிராக்கெட்டை ஒருவிதமான சாயத்தில் முக்கிக் கழுவி எடுத்து, அந்த அறையில் ஊதா விளக்குக்குக் கீழே பிடிப்பாங்க. பிராக்கெட் நன்றாக இருந்தால் ஒன்றும் தெரியாது. எங்கேயாவது கீறல் ஓடியிருந்தால், அது தலைமுடியை விடச் சன்னமாக இருந்தாலும், பச்சையாக மினுங்கும். நான் ஒரு தரம் எட்டிப் பார்த்திருக்கிறேன். நான் ஆசை ஆசையாகத் தடவிப் பளபளவென்று கொடுத்த பிராக்கெட்டின் மூலையில் பச்சையாக ஒரு கோடு. கண்ணுக்குள் குத்தியது.

அந்த அறையில் ஒரு முறை உண்டு. வெளிச்சத்தில் இருந்து உள்ளே போனதும் சோதிக்க ஆரம்பிக்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகும் வரை கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் யாராவது கறுப்புத் திரையை விலக்கிவிட்டால் மறுபடி முதலில் இருந்து உட்கார வேண்டும். அதனால் எல்லாரும் திரைக்கு வெளியே நின்றுதான் பேசுவோம். “அக்கா தியானத்துல இருக்காங்க, வரம் வேணும்னா வரிசையில நில்லுங்க” என்று மெஷின் பையன்கள் கிண்டல் அடிப்பார்கள். “வரம் வேணுமாடா? உன் பிராக்கெட்ல பாதிக்குச் சாபம்தான் இருக்குது, வந்து வாங்கிக்கோ” என்று திரைக்குள் இருந்து பதில் வரும்.

சோதித்து முடித்ததும் வெளியே வந்து, ஒவ்வொரு தட்டிலும் கட்டியிருக்கிற தகரச் சீட்டின் மேல் முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ணங் என்று கேட்கும். அந்த முத்திரை விரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் கம்பி. அதன் முனையில் வட்டம், வட்டத்துக்குள் அக்காவின் நம்பர். அந்த நம்பர் அவங்களுக்கு மட்டும்தான் சொந்தம். உலகத்தின் எந்த மூலையில் அந்தப் பிராக்கெட்டைப் பார்த்தாலும் இன்னார்தான் பார்த்து அனுப்பினார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. வேறு யாரும் தொடக் கூடாது. சாயம் பட்டுவிடும் என்று முத்திரையை இருட்டறைக்குள் கொண்டு போக விடமாட்டார்கள். வெளி மேசையில்தான் வைக்க வேண்டும். “சார், ஒரு பூட்டு போட்ட டிராயராவது கொடுங்க” என்று அக்கா பல தரம் கேட்டாங்க. “டிராயருக்கு எல்லாம் இப்ப எங்கம்மா போறது, பாத்துக்கலாம்” என்பார் எங்கள் மேனேஜர்.

மேனேஜர் தெற்கே திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஓசூருக்கு வந்து தலைமுடி நரைத்தாயிற்று. பேச்சு இனிப்பாக இருக்கும். அவருக்கு அந்த இருட்டறைதான் கண்ணில் விழுந்த தூசி. ஆர்டர் மேல் ஆர்டர் வந்த காலம் அது. வெளிநாட்டுக்காரன் எப்போ எப்போ என்று மெயில் மேல் மெயில் போடுகிறான். இவர் திரைக்கு முன்னால் வந்து நின்று, “யம்மா, இருட்டுல சும்மா உக்காந்துருக்கதுக்கா கம்பெனி சம்பளம் குடுக்கு?” என்பார். உள்ளே இருந்து, “கண்ணு இன்னும் தெரியல சார், தெரிஞ்சா ஆரம்பிச்சுடுவேன்” என்று பதில் வரும். அவர் எங்களைப் பார்த்து, “கண்ணு தெரியலைன்னு சொல்லுதவங்களைத்தான் நாம இன்ஸ்பெக்டரா வச்சிருக்கோம்லா” என்று சிரிப்பார். நாங்களும் சிரித்து வைப்போம்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நீங்கள் இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கன்னடத்தில் ‘ஆய்த்து’ என்றால் முடிந்தது என்றும் அர்த்தம் வரும், சரி, செய்கிறேன் என்றும் அர்த்தம் வரும். ஒரு வேலை சொன்னால் “ஆய்த்து சார்” என்பார்கள். அதற்கு, சரி சார், இனிமேல்தான் செய்யப் போகிறேன் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது ‘ஆச்சு’ மாதிரி கேட்கும். புதிதாக வந்த ஆளாக இருந்தால் ஏமாந்து போவான். நானும் வந்த புதிதில் ஏமாந்திருக்கிறேன். டீ சொன்னேன், “ஆய்த்து” என்றான், டீ போட்டாச்சு என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கடையே சிரித்தது.

அன்றைக்கு லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. அக்கா ஒரு லாட்டை, அதாவது ஒரு தொகுதி பிராக்கெட்டுகளை, உள்ளே எடுத்துப் போய், கண் பழகட்டும் என்று உட்கார்ந்திருந்தாங்க. அடுத்த லாட் வெளி மேசையில் இருந்தது. என் பெஞ்ச் அந்த மேசைக்கு எதிரில்தான். மேனேஜர் வேகமாக வந்து திரைக்கு முன்னால் நின்று, “யம்மா, வெளிய இருக்க லாட்டையும் பாத்துரு, வண்டி நிக்கு” என்றார். உள்ளே இருந்து அக்கா, “ஆய்த்து சார்” என்றாங்க. நான் கேட்டேன். என் காதால் கேட்டேன். அடுத்த நிமிஷம் மேனேஜர் மேசைக்கு வந்தார். முத்திரையை எடுத்தார். ணங், ணங் என்று அந்த லாட்டின் தகரச் சீட்டுகளில் எல்லாம் குத்திவிட்டு, “அவ ஆச்சுன்னு சொல்லிட்டா, ஏத்துங்கலே” என்று டிஸ்பாட்ச் ஆட்களைப் பார்த்துக் கை ஆட்டினார். “சார், அக்கா இன்னும் அதைப் பாக்கல” என்று நான் அரத்தை வைத்துவிட்டு எழுந்தேன். “உன் சோலியப் பாருடே” என்றார். திரை விலகி அக்கா வெளியே வந்தபோது லாரி கேட்டைத் தாண்டிவிட்டது.

அக்கா அப்போதே மேனேஜர் ரூமுக்குப் போனாங்க. லாரியை நிறுத்துங்க சார், ஏர்போர்ட்டிலாவது நிறுத்துங்க என்று கெஞ்சினாங்க. அவர் நிறுத்தவில்லை. “ஒண்ணும் இருக்காதும்மா, நம்ம ரிஜெக்‌ஷன் என்ன அவ்வளவா” என்றார். அக்கா மேலே மெயில் போட்டாங்க. மேலே இருக்கிறவர்கள் பதிலே போடவில்லை. சில வாரம் கழித்து வெளிநாட்டில் இருந்து அந்த லாட் திரும்பி வந்தது. அங்கே இறக்கியதும் அவர்கள் ஒரு தரம் சோதிப்பார்கள். அதில் சில பிராக்கெட்டுகளில் கீறல் தெரிந்திருக்கிறது. எந்த விமானத்திலும் மாட்டுவதற்கு முன்னால் பிடிபட்டது, அதுவே புண்ணியம். திரும்பி வந்த தகரச் சீட்டில் யார் நம்பர் இருக்கும்? அக்கா நம்பர்தான்.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். ஹெச்.ஆர். சார் ஒருவர், மேனேஜர், வேறு யூனிட்டில் இருந்து ஒரு பெரிய ஆள். என்னையும் கூப்பிட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன். அக்கா ‘சரி, பார்க்கிறேன்’ என்றுதான் சொன்னாங்க, முத்திரை குத்தினது மேனேஜர் சார்தான் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். ஹெச்.ஆர். சார், “நீ கன்னடமா?” என்று கேட்டார். “இல்லீங்க சார், நாகரசம்பட்டி.” “அப்புறம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் உனக்கு எப்படித் தெரியும்?” என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “இந்த ஊர்ல அது நாய்க்குக் கூடத் தெரியும் சார். மேனேஜர் சார் தினமும் டீக்காரர்கிட்ட ஆய்த்து ஆய்த்துன்னு அவரே சொல்றாரு” என்றேன். பெரிய ஆள் வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். நான் சொன்னது அவர்களுக்கு ஒரு தமாஷ். இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்த ஹெச்.ஆர். சார் அதை எழுதவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பிள்ளைகளே, இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். அவர்கள் அக்காவைத் திருடி என்று சொல்லவில்லை, பொய் சொன்னார் என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போட ஒரு பிடி கிடைத்திருக்கும். முத்திரையைக் காவல் இல்லாமல் மேசையில் விட்டது கவனக்குறைவு, அவ்வளவுதான் என்றார்கள். பூட்டு போட்ட டிராயர் வேண்டும் என்று அக்கா கேட்டாங்களே, அது எங்கே போனது? வந்தால்தானே போவதற்கு. “என் கவனக்குறைவால் நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிக் குடும்மா. பாக்கிங் செக்‌ஷனுக்கு மாத்திடறோம், சம்பளம் குறையாது. பிள்ளைங்க படிக்குதுல்ல” என்று மேனேஜரே தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அடிக்கிறவனைக் கூட மன்னித்துவிடலாம். தடவிக் கொடுத்துக்கொண்டே கழுத்தில் கால் வைக்கிறவனை என்ன செய்வது?

அக்கா எழுதவில்லை. “கவனம் குறையல சார். நான் உள்ளே கவனமாத்தான் உக்காந்துட்டு இருந்தேன்” என்றாங்க. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் வேலை இருந்திருக்கும். எழுதாததால், கவனக்குறைவு என்று கம்பெனியே எழுதி வெளியே அனுப்பியது. இந்தத் தொழிலில் இன்ஸ்பெக்டர் மேல் அந்தச் சொல் விழுந்துவிட்டால் அப்புறம் எந்த விமானக் கம்பெனியும் உள்ளே விடாது.

கடைசி நாள் அக்கா சாப்பாட்டுக் கூடையோடு என் பெஞ்சுக்கு வந்தாங்க. “தம்பி, வைஸ் காலியா இருக்குதா?” என்றாங்க. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்த வைஸில் முத்திரையை நிற்க வைத்து இறுக்கினாங்க. இன்ஸ்பெக்டர் வேலையை விட்டுப் போனால் அவர் நம்பரை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அழிக்காமல் வைத்துக்கொள்ளத்தான் இவர்களுக்கு ஆசை. அக்கா போன பிறகும் அக்கா பெயரில் ணங் ணங் என்று குத்திக்கொண்டே இருக்கலாம். என் அரத்தை எடுத்து இழுத்துப் பார்த்தாங்க. எஃகு அல்லவா, அரம் வழுக்கியது. “சாணைக்கு வாங்கக்கா” என்று நான்தான் கூட்டிப் போனேன். அங்கே அக்கா செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஆணியில் தொங்கிய பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்து, கண்ணுக்கு மாட்டிக்கொண்டாங்க. வேலையை விட்டுத் துரத்தப்பட்டு வாசலுக்குப் போகிற பெண்பிள்ளை, வாசல் போவதற்கு முன்னால் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுகிறது. அவங்களுக்குத்தான் கவனம் போதவில்லையாம்.

சாணையில் பொறி பறந்தது. சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். “யம்மா, என்ன பண்ணுத? கம்பெனி சொத்தும்மா அது!” என்று கத்தினார். அந்த ஆள் கத்துவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா நிறுத்தவில்லை. முனை மழமழவென்று ஆனதும் சாணையை அணைத்து, கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்தக் கம்பியை அவர் கையில் வைத்தாங்க. “நம்பர் என்னுது சார், இரும்பு உங்களுது. இரும்பை விட்டுட்டுப் போறேன், பாத்துக்குங்க.” முனை சூடாக இருந்திருக்கும். கையை உதறிக் கீழே போட்டுவிட்டார். மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன, ஆனால் ஒரு ஆள் கூட மெஷினைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் என்னைப் பிசிறு எடுக்கிற பெஞ்சில் இருந்து தூக்கி லோடிங்கில் போட்டார்கள். அதற்காக நான் வேலையை விடவில்லை. மூட்டை தூக்கினால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஒரு நாள் லாரியில் ஏற்றும்போது தகரச் சீட்டைப் பார்த்தேன். வட்டத்துக்குள் அக்கா நம்பர். அதே நம்பரில் புது முத்திரை செய்து வாங்கிவிட்டார்கள். அந்தத் தட்டை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி அதன் மேல் போட்டுவிட்டு வந்தவன்தான். உங்கள் அம்மா அன்றைக்கே பாத்திரம் பண்டத்தைக் கட்டிவிட்டாள். மாமா வீட்டுக்கு வண்டி பிடித்தோம். மாமா வீட்டு மாந்தோப்பில் நீங்கள் இரண்டு பேரும் குதித்து விளையாடிய அந்த வருஷம் உங்களுக்கு லீவு மாதிரி இருந்தது. எனக்கு நெஞ்சுக்குள் சாணை ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் ஓசூருக்கே திரும்பி வேறு வேலையில் சேர்ந்தேன். மேனேஜர் இப்போது இன்னும் பெரிய கம்பெனியில் இன்னும் பெரிய நாற்காலியில் இருக்கிறார். ஓசூருக்கு விமானத் தொழில் வருவதைப் பற்றி மேடையில் பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். அக்கா கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் கம்பெனியில், பெல்ட்டில் ஓடி வருகிற பழத்தில் அழுகலைப் பொறுக்கிப் போடுகிறாங்க. சீசனுக்கு மட்டும் வேலை.

நீ போனை வைத்த அன்று சாயங்காலம் தம்பி தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். உன்னோடு இருந்த பயணி யாரோ எடுத்து ஊருக்கே அனுப்பியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நீ ஏறி இறங்கிய விமானத்தின் இறக்கைக்குக் கீழே, மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு ஆள் நிற்கிறார். அவரைச் சுற்றி நாலைந்து பேர், ஒரு பேப்பரையும் பேனாவையும் நீட்டி நீட்டி ஏதோ சொல்கிறார்கள். அவர் அதை வாங்கவே இல்லை, தலையை மட்டும் ஆட்டுகிறார், முடியாது, முடியாது என்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பயணிகள் குரல், “இந்த ஒருத்தனாலதான்யா எல்லாம், இவனை முதல்ல வேலையை விட்டுத் தூக்கணும்” என்று. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒழுங்காகச் செக் பண்ணாத எவனோ ஒருத்தன் என்று நீ சொன்னாயே பாப்பா, உன்னை உட்கார வைத்தது அவன் இல்லை. ஒழுங்காகச் செக் பண்ணின ஒருத்தர்.

அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். “பாப்பா பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சா?” என்றாங்க. வேறு விமானம் மாற்றி அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றேன். பின்னால் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டாங்க, “அந்த மஞ்சள் ஜாக்கெட்டுக்கு இப்ப வேலை இருக்குதா தம்பி?”

எனக்குத் தெரியவில்லை. பேப்பரில் தேடினேன். விமானம் தாமதம், பயணிகள் அவதி, நிறுவனம் வருத்தம் என்று இருக்கிறது, அவரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நீ பயிற்சி முடிந்து அதே ஏர்போர்ட் வழியாகத்தானே வருவாய்? இறங்கியதும் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடாதே, கண்ணு. அங்கே மஞ்சள் ஜாக்கெட் போட்ட யாரையாவது நிறுத்தி, அன்றைக்கு முடியாது என்று நின்றாரே அவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று கேள். தெரியாது என்றால் இன்னொருவரைக் கேள். எத்தனை நேரம் ஆனாலும் பரவாயில்லை, நான் வாசலிலேயே நிற்கிறேன்.